தடுப்பூசி போட்ட ஆட்டின் பாலைப் பச்சையாகக் குடிக்கலாமா?

எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும். அந்த லாரிகளின் நிழலில் வெள்ளாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருப்பதை அந்த வழியாகப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையின் குறுக்குத் தெருக்களில் இன்றைக்கும் வீட்டுக்கு இரண்டு, நான்கு என ஆடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேய்ச்சல் நிலம் கிடையாது. மார்க்கெட் கழிவும், மீந்த சோறும், சுவரொட்டியும்தான் தீவனம். ஆனாலும் அவசரச் செலவுக்கு ஒரு கிடாவை விற்றால் பணம். பாலும் கிடைக்கிறது.

மழைக்காலத்தில் ஒருநாள் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஆடு வளர்க்கும் பெண்மணி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயது அறுபது இருக்கும். ஆறு ஆடுகள், அவற்றில் இரண்டு கறவை.

"பக்கத்து வூட்டுப் புள்ளைக்கு ஜுரம் சார். டெங்குன்னாங்க. ஆட்டுப்பாலு குடுத்தா ரத்தம் ஏறும்னு கேட்டாங்க. கறந்த சூட்டோட ஒரு டம்ளர் குடுத்தேன்" என்றார்.

"காய்ச்சாமலா குடுத்தீங்க, அம்மா?"

"காய்ச்சினா சத்து பூடும் சார். பயம் ஒண்ணும் இல்ல. போன மாசம்தான் டாக்டர் வந்து எல்லா ஆட்டுக்கும் ஊசி போட்டுட்டுப் போனாரு."

அவர் அக்கறையோடுதான் கொடுத்திருக்கிறார். ஆனால் போட்ட ஊசிக்கும் கறந்த பாலுக்கும் தொடர்பே இல்லை. அந்த ஊசி, ஆட்டைக் கொல்லும் ஒரு வைரஸைத் தடுப்பது. அந்த வைரஸ் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. பச்சைப் பால் வழியாக மனிதருக்கு வரக்கூடிய நோய்கள் வேறு. அவற்றுக்கு அந்த ஊசியில் மருந்தில்லை. இந்த வேறுபாட்டை ஆடு வளர்ப்போருக்குத் தெளிவாகச் சொல்லாதது எங்களைப் போன்றவர்களின் குறைதான். நான் படித்தது பயிரியல். ஆட்டுக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மற்றதை விளக்க இந்தக் கட்டுரை.

அரசூரில் தொடங்கியது

அந்த ஊசி ஆட்டுக்கொல்லி நோய்க்கானது. ஆங்கிலச் சுருக்கமாக பி.பி.ஆர். என்பார்கள். 1942-ல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதலில் விவரிக்கப்பட்ட நோய் இது. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் விழுப்புரத்தைத் தாண்டி அரசூர் என்றொரு ஊர் வரும். 1987-ல் அங்கே செம்மறி ஆடுகளில் இந்த நோய் உறுதிசெய்யப்பட்டது. சில ஆண்டுகள் தென்மாநிலங்களோடு நின்றிருந்த நோய், 1994-க்குப் பிறகு வடமாநிலங்களுக்கும் பரவி, இன்று நாடு முழுவதும் இருக்கிறது.

அந்த அரசூர் வைரஸை வைத்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' என்ற தடுப்பூசியை உருவாக்கியது. பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணைப் பகுதியில், திருவொற்றியூருக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'சுங்ரி 96' என்ற தடுப்பூசியும் நாடெங்கும் பயன்படுகிறது. ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு உண்டு.

மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லி வைரஸ் அதற்கு நெருங்கிய உறவு. இதையும் 2030-க்குள் ஒழிப்பதென்று உலக உணவு வேளாண் அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் 2015-ல் இலக்கு வைத்தன. அதற்கான வாய்ப்பும் இருக்கிறது. பிழைத்த ஆடு இந்த வைரஸை ஆயுளுக்கும் சுமந்து திரிவதில்லை. வெயிலிலும் வெளியிலும் வைரஸ் அதிக நாள் தாங்குவதில்லை. நல்ல ஊசியும் கையில் இருக்கிறது.

எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கடும் காய்ச்சல், 104 முதல் 106 டிகிரி வரை. ஆடு கூட்டத்திலிருந்து விலகி, முடி சிலிர்த்து நிற்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். இரண்டொரு நாளில் அது கெட்டியாகிச் சீழ் போல மூக்கை அடைக்கும். ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும் தவிடு தூவியது போல வெள்ளைப் புண். வாய் நாறும். பிறகு கழிச்சல், இருமல், மூச்சுத் திணறல். சினை ஆடு குட்டி வீசும். முன்பு இந்த நோயே வராத, ஊசியும் போடாத மந்தையில் பத்தில் ஒன்பது ஆடுகள்கூட நோய்ப்படலாம். பாதிக்கு மேல் செத்தும் போகலாம். நான்கு மாதத்துக்கு மேற்பட்ட இளம் குட்டிகள்தான் அதிகம் மடியும். தாயிடம் குடித்த சீம்பாலின் பாதுகாப்பு அந்த வயதில் தீர்ந்துவிடுகிறது.

கழிச்சலைப் பார்த்துக் குடற்புழு என்று நினைத்து, மருந்துக்கடையில் பூச்சி மருந்து வாங்கி ஊற்றி மூன்று நாளை வீணாக்குவது பரவலான தவறு. காய்ச்சல், மூக்கடைப்பு, வாய்ப்புண், கழிச்சல் இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அது புழு இல்லை. வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. நுரையீரலைத் தாக்கும் துணைக்கிருமிகளை அடக்கவும், நீரிழப்பைச் சரிசெய்யவும் மருத்துவர் சிகிச்சை தருவார். அதைச் சீக்கிரம் தொடங்கினால் பல ஆடுகள் பிழைக்கும்.

நகரத்துக்குள் நோய் வருவது எப்படி?

வடசென்னை ஆடு வளர்ப்போர் பலர், 'நம்ம ஆடு இந்தத் தெருவைத் தாண்டுறதில்ல, நோய் எங்கிருந்து வரும்?' என்று கேட்கிறார்கள். ஆடு தெருவைத் தாண்டாது. தெருவுக்கு வேறு ஆடுகள் வருகின்றனவே. ஆந்திரத்திலிருந்தும் உள்மாவட்டங்களிலிருந்தும் புளியந்தோப்பு இறைச்சிக்கூடத்துக்கு லாரி லாரியாக ஆடுகள் வருகின்றன. பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் தெருமுனைகளிலேயே விற்பனை நடக்கும். அறுப்புக்கு வந்த ஆடுகளில் சினையாக இருப்பதையோ, நல்ல குட்டியையோ விலை படிந்தால் வாங்கி வளர்ப்புக்குக் கட்டுவதும் உண்டு. சந்தைக்குச் சந்தை கைமாறி, நெரிசலில் பட்டினியாக வந்த அந்த ஆட்டின் உடலில் நோய் ஒளிந்திருக்கலாம். அறிகுறி தெரிய நான்கைந்து நாள், சில சமயம் பத்து நாள்கூட ஆகும். மூச்சுக்காற்றாலும் மூக்குச்சளியாலும் பரவும் நோய் என்பதால், ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தாலே போதும்.

புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டச் சொல்வோம். கிராமத்தில் தோப்பிலோ களத்திலோ கட்டலாம். பத்தடி அகலச் சந்தில் எங்கே கட்டுவது? இடமில்லாதவர்கள் குறைந்தபட்சம் தண்ணீர்ச் சட்டியையும் தீவனக் கூடையையும் தனியாக வைக்கலாம். மற்ற ஆடுகளுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகு கடைசியாக அதைக் கவனிக்கலாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு தட்டி கட்டி மறைத்தாலும் மூக்கோடு மூக்கு உரசுவது நிற்கும். எல்லாவற்றையும்விட, வெளியிலிருந்து ஆடு வருவதற்கு முன்பே நம் ஆடுகள் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டிருக்க வேண்டும்.

காலை ஆறு மணி ஊசி

தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது. தேசிய அளவிலான ஆட்டுக்கொல்லி ஒழிப்புத் திட்டமும் நடப்பில் உள்ளது. நகரத்தில் சிக்கல், ஊசி போடுபவர் வரும் நேரத்தில் ஆடு வீட்டில் இருப்பதில்லை என்பதுதான். எட்டு மணிக்கெல்லாம் அவை மார்க்கெட் பக்கம் போய்விடும். விரிவாக்கப் பணியாளர்கள் முதல்நாள் மாலையே தெருவில் சொல்லிவைத்து, காலை ஆறு மணிக்குப் போனால் ஆடு கட்டிலேயே கிடைக்கும். உறைய வைத்து உலர்த்திய இந்தத் தடுப்பு மருந்து குளிர்ச்சியில் இருந்தால்தான் வேலை செய்யும். கரைசல் நீரில் கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் முடிப்பது இதற்கும் நல்லது. காசிமேட்டுப் பக்கம் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீன் ஐஸைக் கட்டியாகப் போட்டு மருந்துக் குப்பியைத் தண்ணீரில் மிதக்க விடாமல், பாலித்தீன் உறைக்குள் வைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும்.

குட்டிகளுக்கு மூன்று, நான்கு மாத வயதில் போடலாம். நிறைசினை ஆட்டைப் பிடித்து அமுக்கினால் குட்டி வீசும் அபாயம் உண்டு என்பதால் ஈன்ற பிறகு போடுவது நல்லது. ஏற்கெனவே காய்ச்சலில் இருக்கும் ஆட்டுக்குப் போடக் கூடாது. ஊசி போட்டு எதிர்ப்புசக்தி உருவாக இரண்டு வாரமாவது ஆகும். பக்ரீத்துக்கு முதல்வாரம் போட்டு அந்தச் சந்தைக்கே பலன் எதிர்பார்க்க முடியாது.

நோய் வந்து ஆடு செத்துவிட்டால் கால்வாயிலோ குப்பைத் தொட்டியிலோ போடாதீர்கள். திருவொற்றியூரும் ராயபுரமும் பெருநகர சென்னை மாநகராட்சி மண்டலங்கள். 1913-க்குச் சொன்னால் அப்புறப்படுத்த ஏற்பாடு செய்வார்கள். கட்டிய இடத்தைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்தால் இந்த வைரஸ் அழியும்.

பாலில் வைரஸ் வருமா?

ஆட்டுக்கொல்லி மனிதருக்குத் தொற்றாது. அப்படியானால் நோய்ப்பட்ட ஆட்டின் பாலைக் கறந்து விற்கலாமா? கூடாது. அந்த ஆட்டுக்குப் போடும் ஆன்டிபயாடிக் மருந்து பாலில் இறங்கும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைக் கீழே ஊற்றிவிட வேண்டும். எத்தனை நாள் என்பது மருந்தைப் பொறுத்தது. ஊசி போடும்போதே கேட்டுவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய மருந்தென்றால் அட்டையிலேயே எழுதியிருக்கும்.

பால் வழியாகவே ஆட்டிலிருந்து ஆட்டுக்குப் பரவும் வைரஸ் ஒன்றும் உண்டு. சி.ஏ.இ. என்பது சுருக்கப் பெயர். முழங்கால் வீங்கும், மடி கல்லாக இறுகும், பால் வற்றும். தாயின் சீம்பாலைக் குடித்த குட்டிக்குள் போய், ஆண்டுக்கணக்கில் தங்கும். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. சானென், ஆல்பைன் போன்ற சீமை இனக் கலப்பு ஆடுகளைப் பாலுக்காக வாங்குவோர் ரத்தப் பரிசோதனை செய்து வாங்குவது நல்லது. நோய் இருப்பது தெரிந்தால், பிறந்த குட்டியைத் தாயிடம் விடாமல் பிரித்து, சீம்பாலை 56 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்திருந்து ஊட்டுவார்கள். கொதிக்கவிட்டால் சீம்பால் திரைந்து கட்டியாகிவிடும். இந்த வைரஸும் மனிதருக்கு ஆகாதது அல்ல.

ஆர்ஃப் என்று இன்னொன்று. குட்டிகளின் உதட்டைச் சுற்றியும், தாயின் காம்பிலும் மரு மருவாய்ப் பொருக்குத் தட்டும். இது மனிதருக்கு வரும், ஆனால் பால் வழியாக அல்ல, கை வழியாக. விரலில் வெட்டுக்காயத்தோடு கறப்பவருக்கு அந்த இடத்தில் கொப்புளம் கிளம்பும். சில வாரத்தில் தானே ஆறிவிடும்.

2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றியபோது அது பாலில் ஏராளமாக இருந்தது. பண்ணைகளில் பச்சைப் பாலைக் குடித்த பூனைகள் செத்தன. அதே மாதம் மினசோட்டா மாநிலத்தில், நோய்ப்பட்ட கோழிகளோடு ஒரே இடத்தில் வளர்ந்த ஆட்டுக்குட்டிகளுக்கும் அந்த வைரஸ் தொற்றியது. பதப்படுத்தும் சூட்டில் வைரஸ் செயலிழப்பது சோதனைகளில் தெரிந்தது. நம் வீடுகளில் கோழிக்கும் ஆட்டுக்கும் ஒரே தண்ணீர்ச் சட்டி. கோழி வளர்க்கட்டும், சட்டியையாவது பிரித்து வையுங்கள்.

மால்டா தீவு ஆடுகள்

பச்சை ஆட்டுப்பாலில் உண்மையாகப் பயப்பட வேண்டியது வைரஸ் அல்ல, புருசெல்லா என்ற பாக்டீரியா. இதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு துறைமுகத்தில்தான் நடந்தது. மத்தியதரைக் கடலின் மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களும் மாலுமிகளும் வந்து வந்து போகும் காய்ச்சலில் விழுந்தார்கள். 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் கிருமியைக் கண்டறிந்தார். அது எங்கிருந்து வருகிறதென்று தெரிய மேலும் 18 ஆண்டுகள் ஆயின. 1905-ல் தெமிஸ்டோக்ளஸ் சம்மித் என்ற மால்டா மருத்துவர் உள்ளூர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பார்க்கக் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்த ஆடுகள்! தெருத்தெருவாக ஓட்டிப்போய் வாசலில் கறந்து கொடுத்த பால் அது. 1906-ல் படையினருக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தியதும் காய்ச்சல் சட்டென்று குறைந்தது. அதே 1905-ல் மால்டாவிலிருந்து 'ஜோசுவா நிக்கல்சன்' என்ற கப்பலில் அமெரிக்காவுக்கு ஆடுகளை அனுப்பினார்கள். வழியில் பச்சைப் பால் குடித்த மாலுமிகள் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள்.

ஆடு நன்றாக இருக்கிறது, அதனால் பாலும் நல்லது என்ற கணக்கு அங்கேயே தவறிவிட்டது. நம் நாட்டு ஆடுகளிலும் இந்தக் கிருமி இருக்கிறது. புருசெல்லாவுக்கு அரசு தடுப்பூசி போடுவது நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு, அதாவது மாட்டுக்கும் எருமைக்கும். ஆடுகள் அதில் இல்லை. தேரடி அம்மா நம்பிய ஊசி இதைத் தொடாது.

ஆட்டில் இதன் முக்கிய அடையாளம் சினையின் பிற்பகுதியில் குட்டி வீசுவது. ஆட்டுக்கொல்லியிலும் குட்டி வீசும் என்பதால் குழப்பம் வருகிறது. காய்ச்சலோ வாய்ப்புண்ணோ இல்லாமல் ஆடு குட்டி வீசினால் புருசெல்லாவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள். கர்ப்பிணிகளை அருகே விடாதீர்கள். தெருநாய் இழுத்துப்போகுமுன் தடிமனான பாலித்தீன் பையில் கட்டி, மருத்துவரிடம் கேட்டு அப்புறப்படுத்துங்கள்.

மனிதருக்கு வந்தால் மாலையில் ஏறும் காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி, ஆண்களுக்கு விதை வீக்கம். டைபாய்டு, காசநோய் என்று மாதக்கணக்கில் தவறாக மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. சரியாகக் கண்டுபிடித்தால் ஆறு வார மருந்தில் குணமாகும். விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், 'வீட்டில் ஆடு இருக்கிறது, பச்சைப் பால் குடித்தோம்' என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நகரத்து டாக்டருக்கு அது கேட்கத் தோன்றாது.

டெங்குவுக்கு ஆட்டுப்பாலா?

டெங்கு பரவும் மாதங்களில் ஆட்டுப்பால் விலை ஏறுவது டெல்லியில் ஆண்டுதோறும் வரும் செய்தி. இங்கும் அந்த நம்பிக்கை பரவிவிட்டது. ஆட்டுப்பால் ரத்தத் தட்டணுக்களைக் கூட்டும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. டெங்குவில் உயிரைக் காப்பது போதிய நீர்ச்சத்தும் மருத்துவக் கண்காணிப்பும்தான். காய்ச்சலால் தளர்ந்த உடம்புக்குப் பச்சைப் பாலின் கிருமியைக் கூடுதலாகக் கொடுப்பது நோயை இரண்டாக்கும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சிய ஆட்டுப்பாலும் வேண்டாம். அதில் போலிக் அமிலம் மிகக் குறைவு, ரத்தச்சோகை வரும். (கழுதைப்பால் சங்கில் ஊற்றும் பழக்கத்தையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.)

காய்ச்சினால் சத்து போய்விடும் என்பது பெரிதுபடுத்தப்பட்ட பயம். புரதமும் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கும். சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், அவ்வளவே. பண்ணைகளில் 63 டிகிரியில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 வினாடி வைத்துப் பதப்படுத்துவார்கள். வீட்டில் தெர்மாமீட்டர் வேண்டாம். பால் பொங்கி எழுந்ததும் அடுப்பைக் குறைத்து, கரண்டியால் கலக்கியபடி இன்னும் ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டால் புருசெல்லா உட்பட இங்கே சொன்ன கிருமிகள் அழியும். ஆட்டுப்பால் நுரைத்து மேலெழுவதைக் கொதி என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள். நுரைக்கு அடியில் கொப்புளிக்க வேண்டும்.

கறப்பதற்கு முன் மடியைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சை தனிப் பாத்திரத்தில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகவோ தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தால் மடிநோய், அந்தப் பால் வேண்டாம். கறந்த பாத்திரத்திலேயே காய்ச்சிய பாலை மீண்டும் ஊற்றிவிட்டால் காய்ச்சிய வேலை வீண். பால் விற்பவர்கள் கறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டு, 'காய்ச்சித்தான் குடிக்கணும்' என்று சொல்லிக் கொடுங்கள். கடலோரப் புழுக்கத்தில் பால் அதற்கு மேல் தாங்காது.

ஆடு குட்டி வீசினாலோ, மூக்கடைத்துக் கழிந்தாலோ 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம், அல்லது அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லலாம். புருசெல்லா இருக்கிறதா என்பதை ரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். அந்த முடிவு வரும்வரை பாலை வெளியே கொடுக்க வேண்டாம். குட்டி வீசிய ஆட்டைத் தேற்றி அடுத்த தெருக்காரருக்கு விற்கவும் வேண்டாம்.